கதவைத் தட்டிய எண்கள்

அவர் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நுனியில்தான் உட்காருவார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி. செருப்பையும் கழற்றமாட்டார். வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேசையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் அதுவும் சேர்ந்து ஆடும். "மேடம், நிலநடுக்கம்" என்பேன். காலை நிறுத்துவார். அரை நிமிடம் போனதும் இடது கால் ஆரம்பிக்கும்.

நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். இரண்டுமே கொஞ்சம் அதிகப்படிதான். நான் அதற்கு முன் ஃப்ளெக்ஸ் பேனர் அடித்தவன். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே ரோஜாப்பூவைப் போட்டு ஓட்டியவன். அவர் தபால் வழியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மீதியைத் தானாகவே தட்டித் தட்டித் தெரிந்துகொண்டவர். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், ஒரு விதைக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ரைஸ் மில், நகைக்கடை என்று நாற்பது வாடிக்கையாளர்களுக்கு வெப்சைட்டும் மெயிலும் நடத்திக்கொடுத்தோம். பக்கம் போடுவதும் வாய் பேசுவதும் என் வேலை. சர்வரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த சர்வர் சென்னையில் ஏதோ ஒரு கட்டடத்தில் வாடகைக்கு இருந்தது. இருவரும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் காலையில் வந்ததும், "இன்னைக்கி அதுக்கு ஒடம்பு சூடா இருக்குது சார்" என்பார், நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி.

அவருடைய கறுப்புத் திரையில் நாள் முழுக்க வரிகள் ஓடும். ஒவ்வொரு வரியும் ஒரு தட்டல். இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு, நாலு எண்ணும் நடுவே மூன்று புள்ளியுமாக. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஏதோ ஓர் எண் வந்து எங்கள் சர்வரின் கதவைத் தட்டும், ஒரு பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கும், திறக்காது, இன்னொன்றைப் போடும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் இப்படி. உலகத்தில் எல்லா சர்வருக்கும் இது உண்டு, எல்லாரும் பூட்டைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். இவரால் முடியவில்லை. தட்டியது யார் என்று தெரிந்தாகவேண்டும்.

"தட்றது தப்பு இல்ல சார். வழி தெரியாதவன்கூடத் தட்டுவான். நாலாவது வாட்டியும் தட்றான் பாருங்க, அவன்தான் ஆளு."

இது அவர் அடிக்கடி சொல்வது. நாலு என்பது அவர் போட்ட கோடு. நாலு தட்டல் ஆனதும் அந்த எண் அவருடைய நீள நோட்டில் ஏறும். எண், நேரம், எந்த ஊர், யாருக்கு எழுதினோம், பதில் என்று ஐந்து கட்டம். எந்த எண்ணாக இருந்தாலும் அதைக் கொடுத்த கம்பெனி ஒன்று இருக்கும், அந்தக் கம்பெனிக்குப் புகார் எழுத ஒரு மெயில் முகவரி இருக்கும். அதைப் புகார்ப் பெட்டி என்பார். எங்களுக்கும் ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. அவர் எழுதும் கடிதம் எப்போதும் ஒரே அச்சு: இந்தத் தேதியில், இந்த நேரத்தில், உங்களுடைய எண் ஒன்று எங்கள் கதவைத் தட்டியது, தயவுசெய்து யாரென்று பாருங்கள். அவ்வளவுதான். திட்ட மாட்டார், மிரட்ட மாட்டார். கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும்.

"எவனும் பதில் போடலியே மேடம், கை வலிக்கலையா?"

"அவன் போடலைன்னா இன்னா? நாளைக்கி யாரும் எங்கிட்ட சொல்லலையேன்னு அவன் சொல்லக்கூடாது இல்ல."

திரையை விட்டு எழுந்தாலும் இந்தக் குணம் கூடவே எழுந்துவரும். ஒருநாள் புதிய கூரியர்காரர் ஒருவர் வந்தார். "எந்த ஊரு? யாரு வூடு? பழைய ஆளு எங்க போனாரு? இந்த ஏரியாவ உங்களுக்கு யாரு குடுத்தா?" என்று மேடம் கேட்ட கேள்வியில் அந்த மனிதருக்கு வியர்த்துவிட்டது. படியில் இறங்கும்போது என்னிடம், "பொண்ணு பாக்கப் போனப்பகூட என்னை இவ்ளோ கேக்கல சார்" என்றார்.

ராஜகிரிக் கோட்டை மலையிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் மாதத்துக்கு ஒருமுறை எங்கள் மொட்டைமாடிக்கு வந்து கேபிளைப் பிடித்துத் தொங்கும். நெட் போய்விடும். எனக்கு அது டீக்கடைக்குப் போகும் நேரம். அவருக்கோ நெருப்பில் நிற்கிற மாதிரி. அங்கே யாரோ தட்டிக்கொண்டிருக்கிறார்கள், தன்னால் பார்க்கமுடியவில்லை என்ற தவிப்பு. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவார். ஒருமுறை ஒரு தாட்டியான குரங்கைப் பார்த்து, "ஒன்ன யாரு அனுப்பிச்சது?" என்று அவர் கேட்டதை என் காதால் கேட்டேன்.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான் சொல்வார்: "நம்ம நம்பருக்கு ஒரு பேரு இருக்குது சார். அது கெட்டுடக்கூடாது."

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் நாற்பது வாடிக்கையாளர்களின் மெயிலும் ஒரே ஓர் எண்ணிலிருந்துதான் வெளியே போகும். மோசமான எண்களின் பட்டியலைச் சிலர் உலகத்துக்குப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பெரிய மெயில் கம்பெனிகள் ஒரு கடிதத்தை உள்ளே விடுவதா, குப்பையில் போடுவதா என்று முடிவு செய்கின்றன. எங்கள் எண் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் நாற்பது பேர் எழுதுவதும் குப்பைக்குத்தான் போகும். யாருடைய கடிதம், என்ன அவசரம் என்று எவரும் கேட்கமாட்டார்கள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது அதற்காகத்தான்.

ஒருமுறை தட்டிய எண் ஒன்று வெளிநாட்டுடையது அல்ல, பக்கத்து ஊருடையது. அதைத் திறந்து பார்த்தபோது ஒரு கண்காணிப்புக் கேமராவின் முகப்புப் பக்கம் வந்தது. மேலே அனந்தபுரத்து ரைஸ் மில் ஒன்றின் பெயர். போனில் சொன்னால் போதாது என்று என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மில்காரர் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார்.

"எங்க கேமராவாம்மா? அது திருடனைப் பாக்கறதுக்கு வெச்சது."

"திருடன் அதுக்குள்ளதான் உக்காந்துக்கினு இருக்கான்ணா."

மில்காரர் எழுந்துபோய்க் கேமராப் பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். வாங்கியபோது ஸ்டிக்கரில் இருந்த பாஸ்வேர்டு அப்படியே இருந்தது. எங்கோ இருக்கும் எவனோ அதைப் போட்டு உள்ளே புகுந்து, மில்காரருக்கே தெரியாமல், அந்தப் பெட்டியை வைத்து ஊரார் கதவையெல்லாம் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். மறுநாள் அவருடைய கடிதத்தின் கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது: தவறு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம்.

மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். நடந்தது வேறு. தனி எண்ணை அடைப்பது போதாது என்று, அதைச் சுற்றியிருக்கும் எண்களையும் மொத்தமாக அடைக்க ஆரம்பித்தார். அதற்குத் தெருவை அடைக்கிறது என்று பெயர் வைத்தார். அடைத்த தெருவிலிருந்து தட்டலும் வராது, கடிதமும் வராது.

"தெருவுல நல்லவனும் நாலு பேரு இருப்பான் இல்ல மேடம்?"

"நல்லவன் இன்னாத்துக்கு சார் நம்ம கதவைத் தட்டப்போறான்?"

அது எனக்குப் பிடித்துப்போய் ஒரு பில்லின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஓர் அறக்கட்டளையும் இருந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்பிள்ளைகளை வருடாவருடம் தேர்ந்தெடுத்து, ஒரு நர்சிங் கல்லூரியில் இலவசமாகச் சேர்த்துவிடுவார்கள். அந்த ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அதன் செயலாளர் எனக்கு போன் செய்தார்.

"பதிமூணு பொண்ணுங்களுக்கு சீட்டு கெடச்சிருக்குதுன்னு போன வாரமே மெயில் போட்டேன். ஒருத்தரும் வரேன்னு சொல்லல. இன்னைக்கி சாயங்காலம் அஞ்சு மணிக்கு காலேஜுக்கு லிஸ்ட் குடுத்தாவணும். சொல்லாத சீட்டெல்லாம் வேற மாவட்டத்துக்குப் போயிடும். இந்தப் புள்ளைங்களுக்கு வேணாமா, இல்ல என் மெயிலே போவலயா?"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மேடத்தின் கால் நின்றுவிட்டது.

பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எங்கள் எண் பட்டியலில் ஏறியிருந்தது. ஒரு கல்யாண மண்டபத்தின் மெயிலுக்கு அவர்கள் வைத்திருந்த பாஸ்வேர்டு, மண்டபத்தின் பேரும் ஒன்று இரண்டு மூன்றும். எவனோ அதைக் கண்டுபிடித்து, மூன்று வாரமாக அதன் வழியே உலகத்துக்கெல்லாம் குப்பைக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தான், கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணில் படாத அளவில். மேடம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போனதை அவர் பார்க்கவில்லை.

"யாராச்சும் சொல்லியிருப்பாங்களே சார். இப்பிடி நடந்தா புகார்ப் பெட்டிக்கு எழுதுவாங்களே. ஒண்ணுகூட வர்லியே."

வரவில்லைதான். எங்கள் சர்வர் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிய கடிதங்களின் குறிப்பைத் திறந்தார். அதில் அனுப்பியவர் முகவரி, வந்த நேரம், யாருக்கு என்ற மூன்றுதான் இருக்கும், கடிதம் இருக்காது. ஏதோ ஒரு குளிர்நாட்டுக் கம்பெனியின் புகார்ப் பெட்டியிலிருந்து எங்கள் புகார்ப் பெட்டிக்கு, மூன்று வாரத்தில் பதினோரு தடவை கடிதம் வந்திருந்தது. பதினோரு தடவையும் எங்கள் கதவு அதைத் திருப்பியிருந்தது. அந்தத் தெருவை அவர் ஒரு வருடத்துக்கு முன்பே அடைத்துவிட்டார். தன்னைப் போலவே நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒருத்தர் எழுதியிருக்கிறார். நாலாவது தடவையோடு நிறுத்தவும் இல்லை.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான்தான், "மேடம், அஞ்சு மணி" என்றேன்.

மண்டபத்து மெயிலை மூடினார். பட்டியலிலிருந்து எண்ணை எடுக்கச் சொல்லி எழுதினார். அது நடக்க ஒரு நாள் ஆகும். வேறு முகவரியிலிருந்து பதிமூன்று பேருக்கும் மறுபடி மெயில் அனுப்பினார். ஆனால் அதை யார் பார்ப்பது? விண்ணப்பம் போட்டபோது பஸ் ஸ்டாண்டு பிரௌசிங் சென்டரில் திறந்துகொண்ட மெயில் அது. செயலாளரிடம் பதிமூன்று பெயரையும் ஊரையும் போன் எண்ணையும் வாங்கிக்கொண்டு இருவரும் ஆளுக்குப் பாதியாக அடித்தோம். இரண்டு மணிக்குள் பத்துப் பேர் கிடைத்து, அவர்களே செயலாளரைக் கூப்பிட்டு வரேன் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பேர் கொடுத்திருந்தது பிரௌசிங் சென்டர் எண்ணை.

"நாமளே அவங்க வராங்கன்னு சொல்லிடலாமா சார்?" என்று செயலாளரைக் கேட்டேன். "பொண்ணு வாயால சொல்லணும். நாளைக்கி வர்லன்னா அந்த சீட்டு யாருக்கும் இல்லாமப் போயிடும்" என்றார். அதுவும் நியாயம்தான்.

மேடத்தின் ஸ்கூட்டியில் கிளம்பினோம். முதல் இரண்டு பெண்களும் சிங்கவரம். விசாரித்த உடனே ஆள் கிடைத்தார்கள். ஒருத்தி அங்கேயே அழுதுவிட்டாள், சந்தோஷத்தில். மூன்றாவது பெண்ணுக்கு சீயமங்கலம். மேடம் ஓட்டிய வேகத்தில் என் கண்ணாடி பறந்துபோனது. நிறுத்தி எடுக்க அவர் விடவில்லை. போய்ச் சேர்ந்தபோது மணி நாலு இருபது.

காங்கிரீட் போட்ட சின்ன வீடு, தகரக் கதவு, உள்தாழ்ப்பாள். மேடம் தட்டினார்.

"யாரு?" உள்ளே ஓர் அம்மாவின் குரல்.

"செஞ்சியிலேர்ந்து வர்றோம்மா. ஒங்க பொண்ணுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்குது."

"வேணாம். போங்க."

மறுபடி தட்டினார். "ஃப்ரீ சீட்டும்மா, அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்."

"எல்லாரும் ஃப்ரீ சீட்டுன்னுதான் சொல்றீங்க. போன மாசம் கார்ல ரெண்டு பொம்பளைங்க வந்து இப்பிடித்தான் பேசி சர்ட்டிபிகேட்ட வாங்கிக்கினு போனாளுங்க. அதைத் திருப்பி வாங்கறதுக்கு எங்க வூட்டுக்காரரு திண்டிவனத்துக்கு எத்தினி நடை நடந்தாரு தெரியுமா? இனிமே யாருக்கும் தெறக்கறதில்ல."

ஜூன் மாதமானால் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள் வீடு வீடாக வருவார்கள். அந்த அம்மா மேல் தப்பு சொல்லமுடியாது. மேடம் மூன்றாவது தடவை தட்டினார். "நான் ஏஜெண்டு இல்லம்மா." கதவு திறக்கவில்லை. நாலாவதாகத் தட்டக் கையைத் தூக்கியவர், தூக்கிய கையோடு அப்படியே நின்றார். கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

கையை இறக்கிக்கொண்டார். கதவுக்கு நேராக நின்று, தன் கடிதத்தை வாசிப்பதுபோலச் சொன்னார். "போன வாரம் ஒங்க பொண்ணுக்கு ஒரு மெயில் வந்துச்சிம்மா. எங்களாலதான் அது குப்பையில வுழுந்துடுச்சி. நீங்க என்ன நம்பவேணாம், கதவையும் தெறக்கவேணாம். விண்ணப்பம் போட்ட காயிதம் ஒங்ககிட்ட இருக்கும். அதுல இருக்கிற நம்பருக்கு நீங்களே போன் பண்ணுங்க. நான் யாருன்னு கேளுங்க."

பிறகு, "போன் அவருகிட்ட இருக்குது. ரெண்டு பேரும் ஏரிக்கு அந்தாண்ட கொல்லையில இருக்காங்க" என்றது குரல். எந்தக் கொல்லை என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. அவசரத்தில் சொன்னதே அதிகம் என்று நினைத்திருப்பார்.

ஏரிக்கு அந்தப் பக்கம் எத்தனை கொல்லை, எத்தனை நிலம். கரை முழுக்க வண்டியை விட்டோம், பிறகு வரப்பில் ஓடினோம். பார்த்த ஆளையெல்லாம் கேட்டோம், அவர்கள் திருப்பிக் கேட்டார்கள், "நீங்க யாரு?" மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லை ஒன்றில் அப்பனும் மகளும் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கி, "வரேன் சார்" என்று செயலாளரிடம் சொன்னபோது மணி ஐந்து பத்து.

"அஞ்சுக்கே குடுத்துட்டேனேம்மா" என்றார் அவர்.

அந்தப் பெண் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "மெயில் எங்கக்கா இருந்துச்சி?" என்று மேடத்தைக் கேட்டாள்.

"குப்பையில."

"அங்க பாக்கணும்னு தெரியாதுக்கா. பரவால்ல."

அந்தப் பரவால்லைதான் தாங்கமுடியவில்லை.

அவர்களோடு வீட்டுக்கு வந்தோம். இப்போது கதவு திறந்திருந்தது. அம்மா எங்களையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நல்லவங்க தட்றாங்களா, ஏமாத்தறவங்க தட்றாங்களான்னு உள்ள இருந்துக்கினு எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"தெரியாதும்மா" என்றார் மேடம். விண்ணப்பத்தின் பின்பக்கம் எங்கள் புகார்ப் பெட்டியின் முகவரியை எழுதிக்கொடுத்தார். செஞ்சி வரும் வரைக்கும் மெதுவாகத்தான் ஓட்டினார். இனி எதற்கு வேகம்.

மறுநாள் நான் போனபோது நோட்டில் ஒரு புதிய வரி இருந்தது. எண் என்ற கட்டத்தில் எங்கள் எண். ஊர், செஞ்சி. யாருக்கு எழுதினோம் என்ற கட்டத்தில் மூன்று பேர்: செயலாளர், அந்தக் குளிர்நாட்டுக்காரர், சீயமங்கலத்து அம்மா. மூன்று பேருக்கும் அதே அச்சுக் கடிதம்தான், கடைசி வரி மட்டும் மாறியிருந்தது: தவறு எங்களுடையது. அம்மாவுக்கானதைத் தமிழில் கையால் எழுதித் தபாலில் போட்டார். செயலாளர் போனில், "விடுங்கம்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். குளிர்நாட்டுக்காரர் ஒரு வரி பதில் எழுதினார்: பதினோரு முறை தொந்தரவு செய்ததற்கு மன்னிக்கவும். அதை மேடம் எனக்குப் படித்துக் காட்டிவிட்டு முகம் கழுவப் போனார். அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை.

புகார்ப் பெட்டியை அன்றே எல்லாத் தெருவுக்கும் திறந்துவிட்டார். வாசல் கதவு அடைத்தபடி இருந்தது, பெட்டி மட்டும் திறந்தது. உலகத்துக் குப்பை முழுவதும் வந்து விழுந்தது. லாட்டரி, மூட்டுவலி மாத்திரை, இறந்துபோன இளவரசரின் சொத்து. காலையில் முதல் ஒரு மணி நேரம் அதை ஒவ்வொன்றாகப் படிப்பார். மெஷினே பிரிக்கட்டுமே என்றால், "மெஷின்தான் சார் பிரிச்சிது, அந்தப் பொண்ணு மெயிலை" என்பார். கால் மட்டும் பழையபடி ஆடிக்கொண்டிருந்தது, முன்னைவிட வேகமாக.

ஒரு வருடம் இப்படியே போனது. ஜூன் வந்தது. ஒருநாள் காலை மேடம் படிப்பதை நிறுத்திவிட்டு, "சார், இங்க வாங்க" என்றார். வழுக்கைக்கு எண்ணெய் விற்கும் கடிதத்துக்கும் கடன் வாங்கச் சொல்லும் கடிதத்துக்கும் நடுவே, தலைப்பு எதுவும் போடாமல் ஒன்று கிடந்தது. எந்த மெஷினும் அதைக் குப்பை என்றுதான் சொல்லியிருக்கும்.

அக்கா, இந்த வருசமும் போட்டிருக்கேன். லிஸ்ட் வந்துடுச்சாம். எனக்கு மெயில் வரல. குப்பையிலயும் பாத்துட்டேன். அம்மா உங்கள கேக்க சொன்னாங்க.

செயலாளருக்கு நான் போன் செய்தேன். பெயர் இருந்தது. அந்தப் பெண் விண்ணப்பத்தில் தன் மெயில் முகவரியில் ஓர் எழுத்தை விட்டுவிட்டிருந்தாள். கடிதம் வேறு யாருக்கோ போயிருந்தது. கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"பதில் போடுங்க மேடம்" என்றேன்.

அவர் ஸ்கூட்டி சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். "போட்டா போவும். போச்சான்னு யாரு பாக்கறது? வாங்க."

சீயமங்கலத்தில் அதே தகரக் கதவு. மேடம் ஒரே ஒரு தடவை தட்டினார். தட்டிவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து, ஜன்னலிலிருந்து பார்த்தால் முகம் தெரிகிற மாதிரி வெயிலில் நின்றார்.

"யாரு?" என்றது அந்த அம்மாவின் குரல்.

ஊரையெல்லாம் அந்தக் கேள்வி கேட்டவர். இப்போது பதில் சொல்வது அவர் முறை.

"போன வருசம் தட்னவதாம்மா."

தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.